தறியை விற்காதீர்கள், பிள்ளையை விளையாட விடுங்கள்

போன வாரம் குமாரபாளையத்திலிருந்து ஒரு அப்பா, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தார். விசைத்தறி வைத்திருப்பவர். மகள் அரசுப் பள்ளியில் படித்து, பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் பாட்டிக்கு ஒரு போன்: "ராத்திரி கரண்ட் கட் பண்ணிடுவோம், உடனே இந்த ஆப்பை ஏத்துங்க." பாட்டி பதறி ஓடிபி சொல்லப்போன நேரத்தில் பேத்தி போனைப் பிடுங்கி அணைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பெரியப்பா பிடித்த பிடியை விடவில்லை. "இவளை சைபர் செக்யூரிட்டி இன்ஜினியரிங்கில் போடு, மேனேஜ்மென்ட் சீட் நான் பேசி வாங்கித் தர்றேன்." நான்கு வருஷத்துக்கு 14 லட்சம். தறிகளை விற்றால் பாதி தேறும், மீதிக்குக் கடன் என்று அப்பா ஒரு தாளில் கணக்கு எழுதிக்கொண்டே வந்திருந்தார்.

பயப்படாதீர்கள் என்று ஆறுதலாகத்தான் ஆரம்பித்தேன். அந்தத் தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த உரிமை கையில் இருக்கும்போது தறியை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்குவது தவறு. பட்டத்தின் பெயரில் 'சைபர்' இருந்தாலும் முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸில் வரும் அதே கணிதம், அதே புரோகிராமிங்தான். அந்த ஒரு சொல்லுக்கு 14 லட்சம் கொடுக்க வேண்டாம். எந்தக் கல்லூரி, என்ன கட்-ஆஃப் என்பதெல்லாம் உங்கள் பள்ளியிலேயே சொல்வார்கள், அதற்குள் நான் போகவில்லை.

எனக்கு வேறு கேள்வி இருந்தது. பாட்டியின் போனைப் பிடுங்கியது நல்ல புத்தி, சரி. ஆனால் சைபர் செக்யூரிட்டி, அதாவது கணினிகளைத் திருட்டிலிருந்து காக்கும் வேலை என்பது ஒரே சிக்கலோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது. அந்தப் பொறுமை இவளுக்குப் பிடிக்குமா? இதைக் கண்டுபிடிக்கப் பைசா செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேம் என்றாலே வீட்டில் திட்டு விழுவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

'கேப்சர் த ஃபிளாக்' என்பார்கள். கணினியில் பூட்டிவைத்த இடத்தைத் திறந்து, உள்ளே ஒளித்திருக்கும் ஒரு வரியை எடுத்து வர வேண்டும். என் பழைய லேப்டாப்பில் 'பேண்டிட்' என்ற விளையாட்டைத் திறந்து அவளை உட்கார வைத்தேன். ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்கான பாஸ்வேர்டு ஒளிந்திருக்கும். முதல் பாஸ்வேர்டு சுலபம், கோப்பைத் திறந்தால் இருக்கிறது. அடுத்த கோப்பின் பெயரோ வெறும் ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். அதைப் படி என்று கட்டளை கொடுத்தால், கணினி அந்தக் கோட்டைப் பெயராகவே எடுத்துக்கொள்ளாது. நீங்கள் ஏதோ தட்டச்சு செய்யப்போகிறீர்கள் என்று சும்மா காத்திருக்கும்.

அவளும் காத்திருந்தாள். அழித்தாள், மறுபடி அடித்தாள். அப்பா இரண்டு தடவை "போலாமா?" என்றார், அவள் காதில் விழவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து, பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டுப் பார்த்தாள். 'இந்த இடத்தில் இருக்கிற கோப்பு' என்று கணினிக்குச் சொல்கிற முறை அது. பாஸ்வேர்டு திரையில் வந்தது. "அங்கிள், அடுத்தது?" என்று கேட்டாள்.

கலந்தாய்வு வரைக்கும் இதுதான் அவளுக்கு வேலை. பேண்டிட் முடிந்தால் அதே வகையான 'பைகோசிடிஎஃப்' போட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2013-இல் தொடங்கியது. 13 வயசு ஆன யாரும் இலவசமாக விளையாடலாம், பிரவுசர் இருந்தால் போதும். பத்து வயசுத் தம்பிக்கு கூகுளின் 'இன்டர்லேண்ட்' இருக்கிறது. அதில் எது நிஜம், எது போலி என்று சரியாகச் சொன்னால்தான் ஆற்றைக் கடக்க முடியும். பாட்டிக்கு வந்த மாதிரிப் போன்களைச் சந்தேகப்பட அவன் அங்கேயே பழகிவிடுவான்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். விளையாட்டுக்கென்று கட்டிய இடத்தில் மட்டும்தான் பூட்டைத் திறக்கலாம். பள்ளியின் வைஃபை, தோழியின் இன்ஸ்டாகிராம் பக்கம் கை போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விழலாம்.

கிளம்பும்போது அவளாகவே ஒன்று சொன்னாள். பாட்டி சம்பவத்துக்குப் பிறகு பத்து மெசேஜ்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, எது மோசடி என்று கண்டுபிடிக்கும் போட்டியை வகுப்பில் நடத்தியிருக்கிறாள். டீச்சரே மூன்றில் ஏமாந்தாராம். பெரிய நிறுவனங்களில் ஊழியர்களுக்குப் போலி மெயில் அனுப்பிப் பார்த்து, ஏமாந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். பூட்டுத் திறப்பதைவிடப் புரியவைப்பதில்தான் இவளுக்கு ஆசை என்று தெரிந்தால், அந்தப் பக்கமும் போகலாம்.

நேற்று அப்பா போன் செய்தார். பதினோராவது படியில் நிற்கிறாளாம், பாஸ்வேர்டின் எழுத்தெல்லாம் ஆங்கில அகரவரிசையில் 13 இடம் தள்ளிக் கிடக்கிறதாம், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லையாம். பெரியப்பா மறுபடி கேட்கிறார், என்ன சொல்வது என்றார். என் நம்பரை அவரிடம் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்றேன்.