திரை கறுத்துப் போகிறது, கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்: வழக்குப் போடலாமா?

கேள்வி: ரிச்சி தெருவில் 24,500 ரூபாய்க்கு 27 அங்குல மானிட்டர் வாங்கி 22 நாள் ஆகிறது. 2560×1440 ரெசல்யூஷன், 165 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 165 முறை திரை புதுப்பிக்கும்) என்று சொல்லி விற்றார்கள். என் பழைய லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக மாட்டினால் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை. அடிக்கடி திரை கறுத்துப்போய், சில விநாடி கழித்துத் திரும்ப வருகிறது. கடையில் கேட்டால் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார்கள். கம்பெனி டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார். அதே விலையில் வேறு மாடல் தருவதாக இப்போது கடைக்காரர் சொல்கிறார். எனக்குப் பணம் திரும்ப வேண்டும். மன உளைச்சலுக்கு 2 லட்சமும் வேண்டும். என்ன செய்வது?
– வேளச்சேரி வாசகர்

பதில்: கடையில் உங்களை நடத்திய விதம் தவறுதான். ஆனால் அதை மூன்று பக்கம் எழுதினாலும் வழக்கு நகராது. நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: குறைபாடு அந்த மானிட்டரில் இருக்கிறதா? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10) சொல்லும் குறைபாடு நீங்கள் வாங்கிய பொருளில் இருக்க வேண்டும். அதைக் காட்ட வேண்டியவரும் நீங்கள்தான்.

60 ஹெர்ட்ஸ் புகாரை இன்றே விட்டுவிடுங்கள். பழைய லேப்டாப்பில் இருப்பது ஹெச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பாக இருந்தால், இந்த ரெசல்யூஷனில் 60, 75 ஹெர்ட்ஸைத் தாண்டாது. ஹெச்டிஎம்ஐ 2.0 என்றால் 144 வரை வரும். 165 வேண்டுமானால் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை இணைப்பு வழியாகப் போவதுதான் நிச்சயம். இது உங்கள் லேப்டாப்பின் எல்லை. இதையும் மனுவில் சேர்த்தால், எதிர்த்தரப்பு வக்கீல் இதிலிருந்துதான் தொடங்குவார். உண்மையான குறையும் இதோடு அடிபட்டுப் போகும். உங்கள் லேப்டாப் மாடலைச் சொல்லிக் கேட்டு, ‘165 ஓடும்’ என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்திருந்தால் மட்டும் கதை வேறு.

திரை கறுப்பதுதான் உங்கள் வழக்கு. கறுக்கும் நேரத்தில் கவனியுங்கள். ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தாலோ, பின்னொளி மட்டும் மங்கலாகத் தெரிந்தாலோ, சந்தேகம் கேபிள் மீதும் லேப்டாப் போர்ட் மீதும் போகும். பவர் விளக்கும் அணைந்து, கம்பெனி லோகோவோடு மானிட்டர் மறுபடி கிளம்பினால் சந்தேகம் மானிட்டர் மீதோ அதன் அடாப்டர் மீதோ. பிறகு பெட்டியோடு வந்த கேபிளையே போட்டு, ஸ்பிளிட்டர், யூஎஸ்பி-சி ஹப் எதுவும் நடுவில் இல்லாமல், வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஓட்டிப் பாருங்கள். சுவரில் இருக்கும் வேறு பிளக் பாயிண்டிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு கேபிள், இரண்டு பிளக் பாயிண்ட் மாற்றியும் கறுத்தால்தான் குறை மானிட்டரில் என்று துணிந்து சொல்லலாம். மானிட்டரின் பின்னால் உள்ள சீரியல் எண், மாட்டியிருக்கும் கேபிள், திரை கறுப்பது மூன்றும் ஒரே வீடியோவில், வெட்டாமல் இருக்க வேண்டும். எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். வீடியோ போன்ற மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க, பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-இன் சான்றிதழ் கேட்கப்பட்டால் அந்த போன் தேவைப்படும்.

இனி நீங்கள் பயப்பட வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: அந்தக் கையெழுத்து. டெக்னீஷியன் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் திரை கறுக்காது. ‘பரிசோதித்ததில் குறை இல்லை, வாடிக்கையாளர் திருப்தி’ என்று எழுதி நீட்டுவார். படிக்காமல் போட்ட கையெழுத்து, எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வந்து நிற்கும். நல்ல வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சாகின்றன. அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அப்படித்தான் எழுதியிருந்தால், கம்பெனிக்கு உடனே மின்னஞ்சல் போடுங்கள்: விட்டுவிட்டு வரும் கோளாறு, டெக்னீஷியன் இருந்தபோது வரவில்லை, வீடியோ இணைத்திருக்கிறேன், மறுபடி பார்க்க வேண்டும். அடுத்த முறை ‘கோளாறு தொடர்கிறது’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)-இன்படி ஆணையம் மானிட்டரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம். விட்டுவிட்டு வரும் கோளாறு ஆய்வகத்தில் தலைகாட்டாவிட்டால், அந்த அறிக்கையே உங்களுக்கு எதிராகத் திரும்பும். பேனலில் அழுத்தத் தடம் இருந்தாலும் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று வாரண்டியை மறுப்பார்கள். ஸ்டாண்ட் மாட்டும்போது திரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பது, சுவரில் மாட்ட அளவுக்கு மேல் நீளமான எம்4 திருகு போடுவது, இரண்டிலும் இந்த ஆபத்து உண்டு. பின்மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். பெட்டியையும் தெர்மோகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

பில்லை எடுத்துப் பாருங்கள். ஐடிசிக்காக (கட்டிய ஜிஎஸ்டியைத் தொழில் கணக்கில் கழித்துக்கொள்வதற்காக) உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து வாங்கியிருந்தால், ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்ப்பார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. அதை நீங்கள் மனுவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

என் முடிவான யோசனை: வேறு மாடலை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போங்கள். 24,500 ரூபாய் மானிட்டருக்கு 2 லட்சம் கேட்டால், மற்றதையும் ஆணையம் சந்தேகத்தோடுதான் படிக்கும். கையில் வந்த மாற்றுப் பொருளை மறுத்தவர் என்ற பேரும் சேரும். ஆனால் வாய்ப்பேச்சில் முடிக்காதீர்கள். பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது அதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் 8 நாள் இருக்கிறது. இன்றே கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் குறையை எழுதி, மாற்றுப் பொருளை ஏற்கத் தயார் என்று சொல்லுங்கள். மாற்றும்போது புது சீரியல் எண்ணோடு புது பில், அந்தத் தேதியிலிருந்து முழு வாரண்டி, பெட்டிக்குள் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் மூன்றையும் கேளுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் டிஸ்ப்ளேபோர்ட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பழைய மானிட்டரைக் கொடுங்கள்.