பதில்: மூன்றாம் நாள் ஆறு பேர்தான் வந்தார்கள் என்பது பற்றி

வணக்கம். சத்தியமங்கலம் மலைக்கிராமத்தில் காட்டின் கார்பனை, அதாவது மரங்களில் சேர்ந்திருக்கும் கரியை, அளக்கப் பயிற்சி வைத்தீர்கள், முதல் நாள் நாற்பது பேர், மூன்றாம் நாள் ஆறு பேர் என்று எழுதியிருந்தீர்கள். குறை மக்களிடம் இல்லை. சமுதாயக் கூடத்தையும் புரொஜெக்டரையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுங்கள்.

ஆளுக்கொரு மூங்கில் குச்சியை 1.3 மீட்டருக்கு வெட்டிக் கொடுங்கள். அதை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, நுனி தொடும் இடத்தில் தையல் டேப்பைச் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். சுற்றளவு 94 சென்டிமீட்டர் என்றால் 3.14 ஆல் வகுக்க, விட்டம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். விட்டத்தையும் மர வகையையும் வைத்துத்தான் அதிலுள்ள கார்பனைக் கணக்கிடுகிறோம். மரத்தின் பெயர் சொல்வதைப் பெரியவர்களிடம் விடுங்கள். எங்கள் பயிற்சியில் ஒரு பாட்டி பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தே வெக்காலி என்றார். பட்டதாரிப் பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். நேபாளத்தில் தோலகா, கோர்கா, சித்வன் மாவட்டங்களின் சமூகக் காட்டுக் குழுக்கள் இப்படித்தான் தங்கள் காட்டைத் தாங்களே அளந்தன.

காட்டில் கார்பனைச் சேர்த்து வைப்பதற்குக் கிடைக்கும் கார்பன் பணம் வரும் என்று தயவுசெய்து ஆசை காட்டாதீர்கள். அது வருவதற்கு ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். அதற்கு முன் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் சமூக வன வள உரிமை, அதாவது ஊரார் தங்கள் காட்டைத் தாங்களே காத்து நிர்வகிக்கும் உரிமை, பற்றிக் கிராம சபையில் பேசுங்கள். தங்கள் காடு என்று தெரிந்தால்தான் அளக்க மனம் வரும்.

தேன் எடுக்கும் பருவத்தில் பயிற்சி வைக்க வேண்டாம். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவர்களுக்கு அந்தக் கூலியைக் கொடுத்தீர்களா? அதை மட்டும் எழுதுங்கள், மேலே பேசலாம்.