நிலாப் பாறை படிக்க எந்தப் படிப்பு?

அம்மா, பத்தாம் வகுப்பு முடிக்கும் உங்கள் மகளுக்கு நிலாப் பாறைகளில்தான் ஆர்வம் என்கிறீர்கள். அப்படியானால் ஏரோஸ்பேஸ் வேண்டாம். அது ராக்கெட் வேலை. அவளுக்கு வேண்டியது பாறைகளைப் படிக்கும் ஜியாலஜி, அதாவது நிலவியல். ஏன் என்பதற்கு ஓர் உதாரணம்.

1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 வீரர்கள் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் நிலவின் டெகார்ட் மேட்டுநிலத்தில் இறங்கினார்கள். அங்கே எரிமலைப் பாறை இருக்கும் என்று, உயரத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்துக் கணித்திருந்தார்கள். கிடைத்ததோ பெரும்பாலும் விண்கல் மோதி நொறுங்கி மறுபடி இறுகிய பிரெக்சியா. இருவரும் விமானிகள்தான். ஆனாலும் பாலைவனங்களில் ஜியாலஜிஸ்டுகளோடு அலைந்து பழகியதால், கணிப்பு தவறு என்பதை அங்கேயே கண்டுகொண்டார்கள்.

கல் எடுக்கவும் ஒரு முறை உண்டு. அளவுகோல் பொருத்திய முக்காலியைப் பக்கத்தில் வைத்துப் படம், எடுத்தபின் அதே இடத்தைப் படம், எண்ணிட்ட பை, கடைசியில் சுற்றுப்புறம் முழுக்கப் படம். படம் விட்டுப்போனால் கல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது, எந்தப் பள்ளத்தின் விளிம்பில் கிடந்தது என்பது தெரியாமல் போகும். ஆய்வகத்தில் வயது சொல்லலாம், அந்த வயது எந்த மோதலுடையது என்று சொல்வது கடினம். அப்பல்லோ 16 கொண்டுவந்த சுமார் 96 கிலோ கல்லும் மண்ணும் இப்படித்தான் வந்தது. நம் மாணவர்கள் களத்தில் செய்யும் முதல் தப்பும் இதுதான்: குறிப்பெழுதுமுன் சுத்தியலை ஓங்குவது.

பிளஸ் ஒன்னில் கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவில் சேருங்கள். கணிதத்தை விட்டால் ஜேஇஇ வழியாக காரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளின் ஜியாலஜி படிப்புகளுக்கான வாசல் மூடிவிடும். அது கிடைக்காவிட்டாலும் குறையில்லை; சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடத்தில் பி.எஸ்சி. படித்து, ஐஐடி போன்ற இடங்களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வெழுதிப் போகலாம். பிறகு அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சிக்கூடமான பிஆர்எல்லில் பிஎச்.டி. சந்திரயான்-3 ரோவரில் மண்ணின் தனிமங்களை அளந்த ஏபிஎக்ஸ்எஸ் கருவி அங்கே உருவானதுதான்.

நிலவின் மேட்டுநிலங்களில், மோதலில் நொறுங்குமுன் இருந்த முக்கியப் பாறை அனார்த்தசைட். நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் அதே வகைப் பாறை கிடைப்பதால், இஸ்ரோ சோதனைக்கான போலி நிலாமண்ணை அதிலிருந்து செய்தது. விடுமுறையில் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

விண்வெளி வீராங்கனை ஆவதை மட்டும் இப்போது கணக்கில் சேர்க்காதீர்கள். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கு முதலில் தேர்வானவர்கள் விமானப்படை விமானிகள். வேலை பற்றிய பயம் இருந்தால், எம்.எஸ்சி. முடித்து யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வெழுதி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு (ஜிஎஸ்ஐ) போகலாம். கல்லூரியில் சேர்க்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஆண்டுதோறும் களப்பயணம் உண்டா? பாறையை மெல்லிய சீவலாக்கிப் பார்க்கும் மைக்ராஸ்கோப் மாணவர்கள் கைக்கு வருமா, பூட்டிய அலமாரியில் இருக்குமா?