கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியின் கேம் டிஸ்க்கை டி64 என்ற நகல் கோப்பாக எடுத்தால் ஏன் ஓடுவதில்லை?

டி64 கோப்பில் இருப்பது டிஸ்க்கிலிருந்து பிரித்தெடுத்த தரவு மட்டும்தான்: 35 டிராக் (வட்டப் பாதை), 683 செக்டர் (அந்தப் பாதையின் துண்டு), செக்டருக்கு 256 பைட், ஆக 1,74,848 பைட். நகல் தடுப்பு பெரும்பாலும் இந்தக் கணக்குக்கு வெளியே ஒளிந்திருக்கும்.

கொமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் ஒவ்வொரு 4 பிட்டையும் ஜிசிஆர் என்ற குறியீட்டு அட்டவணைப்படி 5 பிட்டாக்கி எழுதுகிறது. காந்தத் திசை மாறினால் 1, மாறாவிட்டால் 0. மாற்றமே இல்லாமல் வெகுநேரம் போனால் டிரைவின் எண்ணிக்கை பிசகிவிடும். அதனால் இரண்டு 0-க்கு மேல் தொடர்ந்து வராதபடி அட்டவணையை அமைத்திருக்கிறார்கள். செக்டர் ஹெடரின் (செக்டரின் முகவரியைச் சொல்லும் முன்பகுதி) முதல் பைட் ஹெக்ஸ் 08. அதில் 0 என்பது 01010, 8 என்பது 01001. சேர்த்து எழுதினால் 0101001001. முதல் எட்டு பிட் ஹெக்ஸ் 52. ஆகவே கச்சா டிராக்கில் சிங்க்குக்கு அடுத்து 52 வந்தால் ஹெடர், 55 வந்தால் தரவு. சிங்க் என்பது தொடக்கத்தைக் காட்டும் குறி: தொடர்ந்து பத்தோ அதற்கு மேலோ 1. சாதாரணத் தரவில் எட்டுக்கு மேல் வராது.

கேம்கள் விளையாடுவது இங்கேதான். சிங்க் நீளத்தை மாற்றுவது, 35-க்கு அப்பால் எழுதுவது, டிராக்குக்கு ஒவ்வாத பிட் வேகம் (வெளி டிராக்கில் ஒரு பிட்டுக்கு 3.25 மைக்ரோவினாடி, உள்ளே 4) எல்லாம் உண்டு. செக்சம் (தரவைச் சரிபார்க்கும் எண்) பிழை மட்டும் என்றால் பிழைத் தகவலோடு கூடிய 1,75,531 பைட் டி64 போதும். கெட்டிக்காரத்தனமானது வீக் பிட்: காந்த மாற்றமே இல்லாத பகுதியில் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலைப் பெருக்கி, படிக்கும்போதெல்லாம் வேறு வேறு பிட் தரும். இரண்டு முறை படித்து ஒரே விடை வந்தால் நகல் என்று கேமுக்குத் தெரிந்துவிடும்.

எனவே பிசி ஃப்ளாப்பி டிரைவைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற பலகையோடு ஃப்ளக்ஸாகவே (காந்த மாற்றங்களின் நேரங்களாகவே) எடுங்கள், டிராக்குக்குக் குறைந்தது மூன்று சுற்று. ஒரே சுற்றில் வீக் பிட் தெரியாது. ஜி64 (கச்சா ஜிசிஆர் பிட்களை வைத்திருக்கும் கோப்பு) ஆக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1.2 எம்பி பிசி டிரைவ் 360 ஆர்பிஎம்மில் சுழலும், 3.25 மைக்ரோவினாடி 2.71 ஆகச் சுருங்கும், மென்பொருளில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் ஒரு ஸ்டெப் 1541-இன் அரை டிராக், அரை டிராக் தடுப்புக்கு அது வசதிதான்.

பின்பக்கத்தைப் படிக்க டிஸ்க்கைத் திருப்பிப் போட்டால் தலைவலி வரும். சுற்றின் தொடக்கத்தைக் காட்டும் இண்டெக்ஸ் துளை சென்சாருக்கு நேரே வராது. பல பிசி டிரைவ்கள் இண்டெக்ஸ் பல்ஸ் இல்லாமல் தரவே தராது. 1541 அந்தத் துளையைப் பார்ப்பதே இல்லை. டிரைவ் பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

திரும்ப எழுத மட்டும் 1.2 எம்பி டிரைவ் வேண்டாம். அதன் ஹெட் குறுகலானது; பழைய தரவின் ஓரங்கள் அழியாமல் நிற்கும், அகல ஹெட் கொண்ட 1541 இரண்டையும் சேர்த்துப் படித்துத் தடுமாறும். அதற்கு 360 கேபி டிரைவ்தான் சரி.