இரண்டையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

கேள்வி: அமெரிக்காவில் பரிணாமப் பாடத்துக்கு எதிராக அடிக்கடி வழக்கு என்கிறார்கள். பரிணாமத்தோடு கடவுள் படைப்பையும் சேர்த்து நடத்திவிட்டு, முடிவைப் பிள்ளைகளிடமே விட்டால் என்ன? எது அறிவியல் என்று சொல்ல நீதிபதி யார்?

பதில்: நீங்கள் சொல்வதை லூசியானா மாநிலம் சட்டமாகவே போட்டுப் பார்த்தது. பரிணாமம் நடத்தினால் படைப்பையும் நடத்தியாக வேண்டும் என்ற அந்தச் சட்டத்தை 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அரசு எந்த மதத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், அரசுப் பள்ளி வரிப்பணத்தில் நடக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். பென்சில்வேனியாவில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். 2004 அக்டோபரில் அங்கே பள்ளி நிர்வாகக் குழு ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி ஒன்பதாம் வகுப்பில் பரிணாமத்தைத் தொடங்கும் முன் ஓர் அறிக்கையைப் படிக்க வேண்டும் என்றானது: டார்வின் சொன்னது முடிந்த உண்மை அல்ல, அதில் ஓட்டைகள் இருக்கின்றன, உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்கிற 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் உண்டு, அதற்கென்று ஒரு புத்தகம் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்க்கலாம். கடவுள் என்ற பேச்சே அதில் கிடையாது. உயிரியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்துவிட்டார்கள், பாடத்தைத் தெரிந்தே திரித்துச் சொல்ல எங்கள் தொழில் நெறி இடம் தராது என்று. கடைசியில் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். 11 பெற்றோர் வழக்குப் போட்டார்கள்.

விசாரணையில் அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகள் வெளியே வந்தன. 1987 தீர்ப்புக்கு முன்பு 'படைப்பு' என்று இருந்த இடங்களிலெல்லாம் தீர்ப்புக்குப் பின் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்றியிருக்கிறார்கள், சுற்றியிருக்கும் வாக்கியங்கள் அப்படியே. ஒரு பிரதியில் மாற்றியவர் அவசரத்தில் பழைய சொல்லை முழுதாக அழிக்கவில்லை. அதன் முதல் எழுத்தும் வால் பகுதியும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் புதிய சொற்கள் உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகள் முன்னால் 'இன்னொரு பக்கம்' என்று வைக்கப் பார்த்தது இதைத்தான்.

சரி, அவர்கள் தரப்பு அறிவியலாவது தேறியதா? முக்கிய சாட்சி மைக்கேல் பீஹி, உயிர்வேதியியல் பேராசிரியர். நம் உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலம் படிப்படியாக எப்படி வந்தது என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை என்று எழுதியவர். அதைப் பற்றி வந்த 58 ஆய்வுக் கட்டுரைகளையும் சில புத்தகங்களையும் வழக்கறிஞர் அவர் முன்னால் அடுக்கினார். இவை போதாது என்றார் பீஹி. குறுக்கு விசாரணையில், தான் கொடுக்கும் வரையறைப்படி பார்த்தால் ஜோதிடமும் அறிவியல் கோட்பாடுதான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இதைக் கடவுளுக்கு எதிரான வழக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெற்றோர் தரப்பின் முதல் சாட்சி கென்னத் மில்லர் கத்தோலிக்கர், பரிணாமத்தைப் பாடமாக நடத்தும் உயிரியல் பேராசிரியர்.

நீதிபதி யார் என்று கேட்டீர்கள். ஜான் ஜோன்ஸ், ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். பரிணாமம் உண்மையா என்று தீர்ப்பு சொல்ல அவர் உட்காரவில்லை, அரசுப் பள்ளியில் மதத்தை நுழைக்கிறார்களா என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. அதற்கு விடை சொல்ல, இவர்கள் கொண்டுவந்தது அறிவியலா இல்லையா என்று பார்க்காமல் முடியாது. 2005 டிசம்பர் 20-ல் 139 பக்கத் தீர்ப்பு: அது அறிவியல் இல்லை, படைப்புவாதத்தின் இன்னொரு வடிவம். குழுவில் சிலர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதையும் எழுதிவைத்தார்.

பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்கிறீர்கள். 14 வயதுப் பிள்ளை எதை வைத்து முடிவு செய்யும்? ஆசிரியர் நேர்மையாகச் சொல்லிக்கொடுப்பதை வைத்துத்தானே. மதத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா, மத வரலாறு, ஒப்பீட்டு மதம் என்று தனிப் பாடமாக நடத்த அங்கே தாராளமாக இடம் உண்டு. உயிரியல் வகுப்பில் சோதித்துப் பார்த்துத் தேறியது மட்டும் போதும்.

தீர்ப்புக்கு முந்தின மாதமே டோவர் பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் வந்தது. போட்டியிட்ட பழைய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் ஊர்க்காரர்கள் தோற்கடித்தார்கள். வழக்குச் செலவாகப் பெற்றோர் தரப்புக்குக் கொடுக்க வேண்டிவந்த பத்து லட்சம் டாலர் மட்டும் பள்ளிப் பணத்திலிருந்து போனது.