ஏற்காடு இறக்கத்தில் மட்டும் பிரேக் தளர்கிறது: டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா?

வாசகி கேள்வி: எங்கள் பெட்ரோல் காருக்கு ஆறு வயது ஆகிறது, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கையால் கியர் மாற்றும் வண்டி. மாமியார் ஏற்காட்டில் இருப்பதால், மாதம் இரண்டு முறை சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மேலே சென்று வருகிறோம். கடந்த இரண்டு முறையும் ஐந்து பேரோடு இறங்கியபோது, பாதி மலையைத் தாண்டியதும் கருகிய வாடை வந்தது, முன்பக்க இடது சக்கரத்திலிருந்து புகை எழுந்தது, பிரேக் பெடல் பஞ்சை மிதிப்பதுபோல் உள்ளே போனது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு சரியாகிவிட்டது. ஷோரூம் சர்வீஸில் முதல்முறை ‘குறை எதுவும் இல்லை’ என்றார்கள். இரண்டாம் முறை முன்பக்க டிஸ்க் இரண்டு, பேட், மாஸ்டர் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 23,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். பழைய சர்வீஸ் பில்களில் ‘பிரேக் ஆயில் டாப் அப்’ என்று மட்டுமே இருக்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று என் கணவர் சில இடங்களில் நியூட்ரலில் இறக்குவார். இவ்வளவையும் மாற்றுவது அவசியமா?

பதில்: அந்த எஸ்டிமேட்டுக்கு இப்போது ஒப்புதல் தர வேண்டாம். அதைவிட முக்கியமாக, பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றும்வரை இந்தக் காரில் மலை ஏற வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால், ஆறு ஆண்டுகளாக மாற்றப்படாத பிரேக் ஆயில், இடது முன் சக்கரத்தில் இறுகிப்போன காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் உராயும் பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம்), நியூட்ரலில் இறக்கும் பழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்து செய்த வேலை இது என்றே நினைக்கிறேன். டிஸ்க்கும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரும் கெட்டிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அவை கெட்டிருப்பதை அளந்தும் சோதித்தும் காட்டிய பிறகு மாற்றினால் போதும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐந்து பேரோடு சுமார் 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அந்த உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு வரும்போது, இறங்கிய உயரத்துக்குரிய ஆற்றல் அனைத்தும் எங்காவது வெப்பமாக மாறியே தீர வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு, மூன்று பெரிய குடங்கள் கொள்ளும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காரைக் கியரில் இறக்கினால் இந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கினால், காற்றின் தடை போக மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். அதிலும் முன்பக்க டிஸ்க்குகளே அதிகம் சுமக்கும்.

பேட் சூடானால் அதை அழுத்தும் காலிப்பரும், காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலும் சூடாகும். பெயர் ஆயில் என்றாலும் அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் ஒரு திரவம். டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் இந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 3 தரத்துக்கு இதே எல்லைகள் 205, 140 என்று இருக்கின்றன. கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். அதனால்தான் நீங்கள் மிதித்த மிதி பேடுக்குப் போய்ச் சேராமல் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோனது. பெடல் பஞ்சுபோல் இறங்கியதற்கு இதுவே காரணம். அரை மணி நேரத்தில் சூடு தணிந்து ஆவி மீண்டும் திரவமானதும் பெடல் பழையபடி ஆகிவிட்டது. வண்டியை மறுநாள் சர்வீஸில் விட்டபோது ‘குறை இல்லை’ என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. ஐந்து ரோட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் இந்தக் குறை வெளிப்படாது.

பெடல் எப்படி நடந்துகொண்டது என்பதை இவ்வளவு தெளிவாக நீங்கள் எழுதியது பெரிய உதவி. பெடல் கல்போல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்காமல் ஓடியிருந்தால், அளவுமீறிச் சூடேறிய பேட் பிடிமானத்தை இழந்திருக்கிறது என்று பொருள். பெடல் உள்ளே போனால் ஆயிலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்திருந்தாலும் பெடல் இறங்கும். ஆனால் பெரும்பாலும் அது மலையை எதிர்பார்த்துக் காத்திருக்காது. வீட்டு வாசலிலேயே இதைச் சோதித்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கைச் சீராக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பெடல் அசையாமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருப்பதற்கான நல்ல அடையாளம் அது. கால் தானாகவே மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தால் சர்வீஸில் சொன்னது சரியாக இருக்கலாம். எங்காவது கசிவு இருந்தாலும் இதே அறிகுறி தெரியும் என்பதால், சக்கரங்களின் உட்புறத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இடது சக்கரத்தில் மட்டும் புகை வந்தது என்ற செய்தியை நான் எளிதாகக் கடந்துபோக மாட்டேன். பழைய ஆயில் மட்டுமே காரணம் என்றால் இரண்டு முன் சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் சூடாகியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புகைகிறது என்றால், அங்கே காலிப்பர் நகர்ந்து விலகுவதற்கான பின்கள் துருவும் தூசியும் பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காமல் இருக்கலாம். காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பேடைக் கழற்றினால் உள் பேடும் வெளிப் பேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, அவற்றுக்கென்றே உள்ள கிரீஸைத் தடவி மாட்டுவது சிறிய வேலைதான். பிஸ்டன் இறுகியிருந்தால் மட்டுமே செலவு கூடும். இதைச் சரிசெய்யாமல் புதிய டிஸ்க்கும் பேடும் போட்டால் அவையும் சில மாதங்களில் இதே கதியை அடையும். உங்கள் எஸ்டிமேட்டில் காலிப்பர் என்ற சொல்லே இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது.

டிஸ்க்கை மாற்றுவதற்கு உரிய அளவுகோல் தடிமன். எந்த அளவுக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலான டிஸ்க்குகளின் மேலேயே பொறித்திருப்பார்கள். சர்வீஸ் கையேட்டிலும் அது இருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, இரண்டு எண்களையும் ஜாப் கார்டில், அதாவது வேலை விவரச் சீட்டில், எழுதித் தரும்படி கேளுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க் கோணியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீங்கள் அதிர்வைப் பற்றி எதுவும் எழுதவில்லை. பேடைப் பொறுத்தவரை, உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்திருந்தாலும், சூட்டில் வெந்து கண்ணாடிபோல் பளபளத்திருந்தாலும் யோசிக்காமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டு முறை புகைந்த பேடை மீண்டும் மலைக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்பாது.

‘டாப் அப்’ என்ற சொல்லால் ஏமாந்துவிடக் கூடாது. பேட் தேயத் தேய, ஆயில் தொட்டியின் மட்டம் இயல்பாகவே இறங்கும். அதில் நூறு மில்லி ஊற்றி நிரப்பினால் பேட் தேய்ந்திருப்பதும் மறைந்துபோகிறது, காலிப்பருக்குள் தங்கிய பழைய ஆயிலும் அங்கேயே இருக்கிறது. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் அல்லது 40,000 கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது முழுவதுமாக மாற்றச் சொல்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். மழைக்காலப் பனிமூட்டத்திலும் ஈரத்திலும் மாதம் இருமுறை மலையில் நிற்கும் காருக்கு நான் இரண்டு ஆண்டுக்கு ஒரு நாள்கூடக் கூட்ட மாட்டேன். தொட்டி மூடியில் எழுதியிருக்கும் தரத்தைச் சேர்ந்த ஆயிலையே வாங்க வேண்டும். முத்திரை உடைக்காத புட்டியாக இருக்க வேண்டும். திறந்து வைத்த புட்டியும் ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். நான்கு சக்கரங்களிலும் பழைய ஆயில் வெளியேறி, புதிய ஆயில் தெளிவாக வரும்வரை ப்ளீடிங் செய்ய வேண்டும். பழையது காப்பி டிகாஷன் நிறத்தில் வரும். அருகில் நின்று பாருங்கள். பெயின்டில் சிந்தினால் அரித்துவிடும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

சர்வீஸில் பேசும்போது, உங்களிடம் பேசும் அட்வைசர் வேறு, வண்டியில் கை வைக்கும் மெக்கானிக் வேறு என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் ஐந்து வாக்கியங்களில் விளக்கும் குறை, ஜாப் கார்டில் ‘பிரேக் செக்’ என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டால், மெக்கானிக்குக் கிடைப்பது அந்த இரண்டு சொல் மட்டுமே. ‘தொடர் இறக்கத்தில் சூடான பிறகு பெடல் உள்ளே போகிறது, இடது முன் சக்கரத்தில் புகை’ என்று உங்கள் சொற்களிலேயே எழுத வைத்து, ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். இவ்வளவு கேட்டும் அளவு காட்ட மறுத்தால், நம்பகமான வெளி மெக்கானிக் ஒருவரிடம் காட்டி இரண்டாவது கருத்துப் பெறுவதில் தவறே இல்லை. தேவையில்லாத பாகத்துக்குப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று பின்னால் உறுதியானால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் செல்லவும் வழி இருக்கிறது. ஜாப் கார்டும் பழைய பாகமும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

இனி உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டியது. நியூட்ரலில் பெட்ரோல் மிச்சமாவதில்லை. இன்றைய கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, எஞ்சினுக்குப் பெட்ரோல் செலுத்துவதையே கணினி நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால், எஞ்சின் அணையாமல் இருப்பதற்காக அது மீண்டும் பெட்ரோலைச் செலவழிக்கத் தொடங்கும். சாவியை அணைத்து இறக்குவது இன்னும் ஆபத்தானது. பிரேக்குக்குத் துணைநிற்கும் பூஸ்டரின் வலு இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் சரியான கணக்கு. உங்கள் காருக்கு இந்தப் பாதையில் அது பெரும்பாலும் இரண்டாவது கியராக இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இரைவதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். அது தாங்கும் வேகம்தான். வளைவுக்குள் நுழைந்த பிறகு அல்லாமல், அதற்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே வராமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் டிஸ்க்குக்குக் காற்று கிடைக்கும். ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் நின்று வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. மே மாதக் கோடை விழா நெரிசலில் அப்படி அடிக்கடி நின்று கிளம்பும்போது பிரேக்கின் வேலை மேலும் கூடும்.

மீண்டும் ஒருமுறை பெடல் உள்ளே போனால், பதறாமல் வேகவேகமாகப் பலமுறை மிதியுங்கள். கொஞ்சமாவது அழுத்தம் திரும்பும். இரண்டாவது கியருக்கும், வேகம் குறைந்ததும் முதல் கியருக்கும் இறக்குங்கள்; ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அமுக்கியபடியே படிப்படியாக இழுங்கள். சாவியை மட்டும் திருப்பக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். மலைச்சுவர் இருக்கும் பக்கம் ஒதுங்கி நின்றதும், கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். புகையும் சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றுவதைப் பலர் உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். பழுக்கக் காய்ந்த டிஸ்க் அதனால் கோணிப்போகும். காற்றில் தானாக ஆறட்டும்.

வேலை முடிந்த பிறகு, குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றாமல், நீங்கள் இருவர் மட்டும் ஒரு காலை நேரத்தில் போய்வாருங்கள். இறங்கும்போது வழியில் அகலமான இடமாகப் பார்த்து இருமுறை நிறுத்தி, இரண்டு முன் சக்கரங்களின் அருகிலும் தொடாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு அனல் அடித்தால் சரி. இடது பக்கம் தனியாகக் கொதித்தால் காலிப்பர் வேலை முடியவில்லை என்று பொருள். அதே ஜாப் கார்டோடு மறுநாளே திரும்பப் போய் நில்லுங்கள்.