அச்சா, அசலா?

கேள்வி: என் மகள் டோக்கியோவிலிருந்து ஹிரோஷிகேயின் மழைப் பாலம் படம் வாங்கி வந்திருக்கிறாள். அது அசலா, வெறும் அச்சா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 'வெறும்' வேண்டாம் அம்மா. ஹிரோஷிகே என்ற ஓவியர் வரைந்தது ஜப்பானிய மரப்பலகை அச்சுக்காக. இந்தக் கலையில் அச்சுக்கு முந்திய அசல் என்று ஒன்று மிஞ்சாது. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டுப்படம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டி, தாளின் பின்புறத்தை விரலால் தேய்த்து உரித்து, கோடு தெளிந்ததும் கத்தி வைப்பார். வேலை முடியும்போது ஓவியர் வரைந்த தாள் மரச்சீவலோடு போயிருக்கும். 1857இல் ஹிரோஷிகே போட்ட மழையும் அப்படித்தான் போனது.

அந்த மழையைக் கிட்டே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கோடும், இருபுறமும் மரத்தைச் சீவி எடுத்துவிட்டு நிற்கவிட்ட மயிரிழை வரப்பு. கத்தி ஓர் இழை தடுமாறினால் வரப்பு உடைந்து மழை அறுந்துவிடும். மழைக்கென்றே இரண்டு பலகைகள். சாய்வு சற்றே வேறு, ஒன்றில் மை அடர்த்தி, மற்றதில் வெளிறல். மேலே கவிந்திருக்கும் கருமேகத்தை யாரும் செதுக்கவில்லை. அச்சடிப்பவர் பலகையை ஈரமாக்கி, மையை வைத்து, தூரிகையால் ஈரத்துக்குள் கரைத்துவிடுகிறார். அதற்குப் பெயர் பொகாஷி. தாளுக்குத் தாள் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு தாளின் மேகம் இன்னொன்றில் அப்படியே வராது.

இத்தனையும் செய்தவர்கள் யார்? ஓவியர் பெயர் தெரிகிறது, பதிப்பாளர் உவோயா எய்கிச்சி பெயர் தெரிகிறது. இந்தக் கலையின் பெரும்பாலான தாள்களில் செதுக்கியவர், அச்சடித்தவர் பெயர் கிடையாது. 'ஹிரோஷிகேயின் தூரிகையில் பெய்த மழை' என்று எழுதும் விமர்சகர்களோடு எனக்குத் தீராத வழக்கு இதுதான். அது கத்தியில் பெய்த மழை.

'அச்சுப் பிசகாமல்' என்கிறோமே, அந்தப் பிசகு அங்கே அன்றாடப் போராட்டம். நிறத்துக்கு நிறம் பலகை மாற்றி, ஒரே தாளில் மேலே மேலே அடிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு பலகையிலும் கென்டோ என்று இரண்டு வெட்டுக்குறிகள்: தாளின் மூலை உட்கார ஒன்று, விளிம்பு சாய இன்னொன்று. தாள் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் நிறம் கோட்டைத் தாண்டும். அதனால் அச்சு முடியும்வரை தாள்களை ஈரப்பதத்திலேயே அடுக்கி வைப்பார்கள். மையோடு சேர்க்கும் அரிசிப்பசை குறைந்து அழுத்தமும் போதாவிட்டால் நிறம் எள் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக விழும். குறி தவறிய பேச்சுக்கு ஜப்பானியரும் 'கென்டோ' தப்பியது என்றுதான் சொல்கிறார்கள்.

உங்கள் படத்துக்கு வருகிறேன். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நிறமெல்லாம் ஒழுங்கான சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. புள்ளி இல்லையென்றால் தாளைத் திருப்புங்கள். மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் தட்டால் முதுகில் தேய்த்தே அச்சடிப்பதால், நிறம் பின்பக்கம் கசிந்திருக்கும், தேய்த்த தடமும் தெரியலாம். தெரிந்தால் கையால் அடித்த தாள். ஆனால் அது 1857க்குச் சாட்சி ஆகாது: புதிதாகச் செதுக்கிய பலகைகளிலிருந்து இன்றும் டோக்கியோவில் இதே முறையில் அச்சடிக்கிறார்கள். வயதைச் சொல்லக் காகிதமும் சாயமும் அறிந்தவர் வேண்டும்.

எதுவானாலும் வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். பழைய செடிச் சாயங்கள் சீக்கிரம் வெளுக்கும். பின்னால் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள்.